உண்மையென்று நிரூபித்தால் விடுதலை: 1798இன் நான்கு அமெரிக்கச் சட்டங்கள்

1794ஆம் ஆண்டு டிசம்பர் மாதக் கடைசியில், கல்கத்தாவில் பத்திரிகை நடத்திக்கொண்டிருந்த வில்லியம் டுவேன் என்பவர் கவர்னர் ஜெனரல் சர் ஜான் ஷோரைச் சந்திப்பதற்காக அரசு மாளிகைக்குச் சென்றார். அங்கேயே சிப்பாய்கள் அவரைப் பிடித்து வில்லியம் கோட்டையில் அடைத்தார்கள். பிறகு கப்பலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார்கள். விசாரணை கிடையாது, ஜூரி கிடையாது. கிழக்கிந்தியக் கம்பெனிப் படை அதிகாரிகளின் குறைகளை அச்சிட்டதும், பிரெஞ்சுப் புரட்சியின் பக்கம் சாய்ந்து எழுதியதும்தான் அவர் செய்த குற்றங்கள். நூல்களும் சொத்தும் கல்கத்தாவிலேயே தங்கிவிட்டன. லண்டனில் கம்பெனியிடம் இழப்பீடு கேட்டு அலைந்து பார்த்தார்; ஒரு காசும் பெயரவில்லை. 1796இல் அட்லாண்டிக்கைக் கடந்து, அன்று அமெரிக்காவின் தலைநகராக இருந்த பிலடெல்பியாவுக்குப் போய்ச் சேர்ந்தார். பேச்சுரிமையையும் பத்திரிகைச் சுதந்திரத்தையும் குறைக்கும் சட்டம் எதையும் காங்கிரஸ் இயற்றக் கூடாது என்று அரசியலமைப்பின் முதல் திருத்தத்திலேயே எழுதி வைத்திருந்த நாடு அது. இரண்டே ஆண்டுகளில் அந்தக் காங்கிரஸ் அப்படியொரு சட்டத்தை இயற்றியது. அதோடு சேர்த்து, டுவேனைப் போன்றவர்களை நாடு கடத்த வழிசெய்யும் சட்டத்தையும் இயற்றியது.

இந்தச் சட்டங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இவற்றை ஒரு கொடுங்கோன்மையின் கதையாகச் சொல்லிவிடுகிறார்கள். வழக்குகளின் விவரங்களைப் படித்தபோது எனக்கு அதைவிடச் சங்கடமான ஒன்று தோன்றியது. எழுத்தளவில் பார்த்தால், பேச்சைக் கட்டுப்படுத்திய அந்தச் சட்டம் அதற்கு முன்னிருந்த ஆங்கிலேயப் பொதுச்சட்டத்தைவிட, அதாவது நீதிமன்றத் தீர்ப்புகளின் வழியே உருவான சட்டத்தைவிட, மென்மையானது. அதை இயற்றியவர்கள் அந்த மென்மையைக் குறித்துப் பெருமையும் பட்டார்கள். அப்படியிருந்தும் அது என்ன செய்தது என்பதுதான் கவனிக்கத் தக்கது.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஜான் ஆடம்ஸ் ஜனாதிபதி. அவருடைய ஃபெடரலிஸ்ட் கட்சிக்கு இரு அவைகளிலும் பெரும்பான்மை. துணை ஜனாதிபதியோ எதிர்த்தரப்பான குடியரசுவாதிகளின் தலைவர் தாமஸ் ஜெஃபர்சன். பிரான்சுக்குச் சென்ற அமெரிக்கத் தூதர்களிடம் பேச்சுவார்த்தைக்கு முன்பாகவே லஞ்சம் கேட்கப்பட்ட செய்தி 1798 ஏப்ரலில் வெளியானதும் நாடே கொதித்தது. போர் ஒருபோதும் முறைப்படி அறிவிக்கப்படவில்லை. ஆனால் கடலில் கப்பல்கள் மோதிக்கொண்டன. அந்தக் கோடையில், நான்கு வாரங்களுக்குள், நான்கு சட்டங்கள் நிறைவேறின.

ஜூன் 18ஆம் தேதியிட்ட குடியுரிமைச் சட்டம், குடியுரிமை பெறத் தேவையான வசிப்புக் காலத்தை 5 ஆண்டுகளிலிருந்து 14 ஆண்டுகளாக உயர்த்தியது. புதிதாக வந்திறங்கும் வெள்ளையர் 48 மணி நேரத்துக்குள் தங்களைப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றது. (வெள்ளையர் அல்லாதோர் குடியுரிமை பெறும் பேச்சே 1790 முதல் இல்லை.) ஜூன் 25ஆம் தேதியிட்ட அன்னியர் சட்டம், நாட்டின் அமைதிக்கு ஆபத்தானவர் என்று ஜனாதிபதி கருதும் எந்த வெளிநாட்டவரையும் வெளியேற்ற அவருக்கு அதிகாரம் அளித்தது. காரணம் சொல்ல வேண்டியதில்லை. நீதிமன்றத்துக்குப் போக வேண்டியதில்லை. ஜூலை 6ஆம் தேதி எதிரி நாட்டவர் சட்டம். ஜூலை 14ஆம் தேதி அரசு நிந்தனைச் சட்டம்.

கடைசிச் சட்டம் பிரதிநிதிகள் சபையில் 44க்கு 41 என்ற கணக்கில் தப்பிப் பிழைத்தது. அரசையோ, காங்கிரஸையோ, ஜனாதிபதியையோ இழிவுபடுத்தும் நோக்கத்துடன் பொய்யாகவும் அவதூறாகவும் தீய எண்ணத்துடனும் எழுதுவோருக்கு 2,000 டாலர் வரை அபராதமும் இரண்டு ஆண்டு வரை சிறையும் உண்டு. பட்டியலில் துணை ஜனாதிபதி இல்லை. ஜெஃபர்சனை யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் திட்டிக்கொள்ளலாம். சட்டம் காலாவதியாகும் நாள் 1801 மார்ச் 3 என்று குறிக்கப்பட்டிருந்தது. மறுநாள் ஆடம்ஸின் பதவிக்காலம் முடிகிறது. அடுத்துத் தேர்தலில் வெல்லக்கூடியவர்கள் இதே ஆயுதத்தைத் தங்கள்மீது திருப்பிவிடாதபடி முன்கூட்டியே செய்துகொண்ட ஏற்பாடு என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் எனக்குப் புலப்படவில்லை.

இனி, அந்த மென்மை. ஆங்கிலேயப் பொதுச்சட்டத்தில் அரசை நிந்தித்து எழுதியது உண்மையாகவே இருந்தாலும் குற்றம்தான். உண்மையாக இருந்தால் மக்கள் மனத்தில் இன்னும் ஆழமாகத் தைக்கும், ஆகவே குற்றம் இன்னும் பெரிது என்பது அந்நாளைய வழக்கறிஞர்களின் வாதம். அமெரிக்கச் சட்டம் இதைத் தலைகீழாக்கியது. குற்றம் சாட்டப்பட்டவர் தாம் எழுதியது உண்மை என்று நிரூபித்தால் விடுதலை. தீர்ப்பளிக்கும் உரிமை ஜூரிக்கு. தீய எண்ணம் இருந்ததென்று அரசுத் தரப்பு காட்ட வேண்டும். காகிதத்தில் இதைவிட நியாயமான அவதூறுச் சட்டம் அந்த நூற்றாண்டில் அரிது. செனட்டில் முதலில் முன்வைக்கப்பட்ட வரைவு மிகவும் கடுமையாக இருந்தது. அதைக் கண்டு, ஃபெடரலிஸ்ட் கட்சியின் மூளையாகக் கருதப்பட்ட அலெக்சாண்டர் ஹாமில்டனே, நாம் கொடுங்கோன்மையை நிறுவிவிட வேண்டாம் என்று அவசரமாக எழுதினார். திருத்தங்களுக்குப் பிறகு நிறைவேறிய வடிவம்தான் மேலே சொன்னது.

வெளிநாட்டவரைக் குறிவைத்த சட்டங்களும் எழுத்தைக் குறிவைத்த சட்டமும் ஒரே மாதத்தில் வந்தது தற்செயல் அல்ல. ஃபெடரலிஸ்ட்களைக் கடித்துக் குதறிய பேனாக்களில் பல கப்பலில் வந்திறங்கியவை. தாமஸ் கூப்பர் இங்கிலாந்துக்காரர். ஜேம்ஸ் காலெண்டர் ஸ்காட்லாந்துக்காரர். நியூயார்க்கில் பத்திரிகை நடத்திய ஜான் டேலி பர்க் அயர்லாந்துக்காரர். குடியரசுவாதிகளைச் சபையில் வழிநடத்திய ஆல்பர்ட் காலட்டின் ஜெனீவாவில் பிறந்தவர்; ஒன்பது ஆண்டு குடிமகனாக இருந்திருக்கவில்லை என்று சொல்லி 1794இல் அவருடைய செனட் இடத்தை ஃபெடரலிஸ்ட்கள் ஏற்கெனவே பறித்திருந்தார்கள். அயர்லாந்தில் 1798 கிளர்ச்சி நசுக்கப்பட்டதும் அங்கிருந்து மேலும் பலர் வருவார்கள், வந்தவர்கள் எல்லோரும் ஜெஃபர்சனுக்கே வாக்களிப்பார்கள் என்ற கணக்கும் இருந்தது. மாசசூசெட்ஸ் உறுப்பினர் ஹாரிசன் கிரே ஓடிஸ் ஓராண்டுக்கு முன்பே, காட்டுத்தனமான அயர்லாந்துக்காரர்களைக் கூட்டங்கூட்டமாக வரவழைக்கத் தமக்கு விருப்பமில்லை என்று சபையில் வெளிப்படையாகப் பேசியிருந்தார்.

அன்னியர் சட்டத்தின்படி ஒருவர்கூட நாடு கடத்தப்படவில்லை. இதை வைத்து அந்தச் சட்டத்தைப் பல்லில்லாதது என்பவர்கள் உண்டு. பிலடெல்பியாவில் புத்தகக் கடை நடத்திய மோரோ தெ சேன்-மெரியைக் கேட்டிருந்தால் வேறு விதமாகச் சொல்லியிருப்பார். மார்ட்டினிக் தீவில் பிறந்த இந்த அறிஞரின் கடைக்கு ஆடம்ஸே துணை ஜனாதிபதியாக இருந்த நாட்களில் வந்து போனதுண்டு; இருவரும் தம் நூல்களைப் பரிமாறிக்கொண்டவர்கள். வெளியேற்றப்பட வேண்டியோர் பட்டியலில் தம் பெயர் இருப்பதாகக் கேள்விப்பட்ட மோரோ, தம்மீது என்ன குற்றச்சாட்டு என்று நண்பர் வழியாக விசாரித்தார். குறிப்பாக ஒன்றுமில்லை, அவர் அளவுக்கு மீறிய பிரெஞ்சுக்காரர் என்று ஜனாதிபதி பதில் சொன்னதாகத் தம் நாட்குறிப்பில் பதிந்திருக்கிறார். 1798 ஆகஸ்டில் மூட்டை கட்டிக் கப்பலேறினார். அந்தக் கோடையில் அப்படிப் போன பிரெஞ்சுக்காரர்கள் பலர். உத்தரவில் கையெழுத்திட வேண்டிய தேவையே எழவில்லை.

எதிரி நாட்டவர் சட்டத்துக்கு மட்டும் குடியரசுவாதிகளின் ஆதரவும் இருந்தது. போர் அறிவிக்கப்பட்டாலோ படையெடுப்பு நேர்ந்தாலோதான் அது செயல்படும் என்பதால் ஆபத்தற்றதாகத் தோன்றியிருக்க வேண்டும். அதற்குக் காலாவதி நாள் வைக்க யாரும் முனையவில்லை. ஆகவே நான்கில் அது ஒன்றுதான் இன்றும் உயிரோடு இருக்கிறது. முதலில் 14 வயதுக்கு மேற்பட்ட ஆண்களை மட்டும் குறித்த அது, 1918இல் பெண்களையும் சேர்த்துக்கொண்டது. 1941 டிசம்பரில் ரூஸ்வெல்ட் அதைக்கொண்டே ஜப்பான், ஜெர்மனி, இத்தாலி நாட்டவரைப் பிடித்து அடைத்தார். 2025 மார்ச்சில் டிரம்ப் அதே சட்டத்தைச் சொல்லி, போர் எதுவும் அறிவிக்கப்படாத வேளையில், நூற்றுக்கும் மேற்பட்ட வெனிசுவேலா நாட்டவரை எல் சால்வடோர் சிறைக்கு அனுப்பினார். முன்னறிவிப்பும் நீதிமன்றத்தில் எதிர்க்கும் வாய்ப்பும் தராமல் அப்படி அனுப்ப முடியாது என்று உச்ச நீதிமன்றம் அடுத்த மாதம் சொல்ல வேண்டியிருந்தது.

அரசு நிந்தனைச் சட்டத்தின் கீழ் முதலில் தண்டிக்கப்பட்டவர் ஒரு காங்கிரஸ் உறுப்பினர். வெர்மாண்டைச் சேர்ந்த மேத்யூ லயன், பயணக் கட்டணத்துக்கு ஈடாகத் தம் உழைப்பை விற்று அயர்லாந்திலிருந்து சிறுவனாக வந்தவர். 1798 ஜனவரியில், தம்மைப் பரிகசித்த கனெக்டிகட் உறுப்பினர் ராஜர் கிரிஸ்வோல்டின் முகத்தில் சபையிலேயே எச்சில் உமிழ்ந்தார்; இரு வாரம் கழித்துக் கிரிஸ்வோல்ட் கைத்தடியாலும் லயன் கணப்பு இடுக்கியாலும் அதே சபையில் அடித்துக்கொண்டார்கள். லயன்மீது வழக்குக்குக் காரணம் அவர் ஒரு பத்திரிகைக்கு எழுதிய கடிதம். ஜனாதிபதிக்கு நகைப்புக்கிடமான ஆடம்பரத்தின்மீது அடங்காத தாகம் என்று அதில் ஒரு வரி. கடிதம் எழுதப்பட்டது ஜூன் 20ஆம் தேதி, சட்டம் பிறப்பதற்கு முன்பு. அச்சானது ஜூலைக் கடைசியில், சட்டம் பிறந்த பின்பு. அந்த இடைவெளியில் குற்றம் உருவாகிவிட்டது.

அக்டோபரில் ரட்லண்ட் ஊரில் விசாரணை. லயன் தாமே வாதாடினார். சட்டம் தரும் பாதுகாப்பு, எழுதியது உண்மையென்று நிரூபிப்பது. ஆனால் ஆடம்பரம் நகைப்புக்கிடமானது என்பதை எந்தச் சாட்சியைக்கொண்டு நிரூபிப்பது? லயன் நீதிபதி வில்லியம் பேட்டர்சனையே சாட்சியாக்கப் பார்த்தார்: தாங்கள் ஜனாதிபதியோடு விருந்துண்டதில்லையா, அங்கே அந்த ஆடம்பரத்தைக் கண்டதில்லையா என்று கேட்டார். தாம் கண்டதெல்லாம் எளிமையே என்றார் நீதிபதி. நான்கு மாதச் சிறை, 1,000 டாலர் அபராதம். வெர்ஜென்ஸ் ஊர்ச் சிறையில், 16 அடிக்கு 12 அடி அளவுள்ள அறையில் அடைத்தார்கள். மூலையிலிருந்த கழிப்பிடத்தின் நாற்றம் ஆகஸ்ட் மாதத்துப் பிலடெல்பியா துறைமுகத்துக்கு ஈடானது என்று அங்கிருந்து எழுதினார். கண்ணாடியில்லாத கம்பி ஜன்னல், வெர்மாண்டின் குளிர்காலம். அவர் சிறையில் இருந்தபடியே டிசம்பரில் வெர்மாண்ட் மக்கள் அவரை மறுபடியும் காங்கிரஸுக்குத் தேர்ந்தெடுத்தார்கள். அபராதம் திரட்ட உதவும் விளம்பரத்தை வெளியிட்ட அச்சக உரிமையாளர் ஆந்தனி ஹாஸ்வெல்லுக்கும் இரண்டு மாதச் சிறை கிடைத்தது.

எல்லா வழக்குகளும் இந்தத் தரத்தில் இல்லை. நியூஜெர்சியின் நியூஆர்க் நகர் வழியே ஆடம்ஸ் போனபோது பீரங்கி மரியாதை நடந்தது. மது அருந்தியிருந்த லூதர் பால்ட்வின், குண்டு ஜனாதிபதியின் பின்புறத்தைத் துளைத்தாலும் தமக்குக் கவலையில்லை என்று சொல்லிவிட்டார். அதற்கு 150 டாலர் அபராதம்.

சிரித்துக் கடந்துபோக முடியாதது டெட்ஹம் வழக்கு. மாசசூசெட்ஸின் அந்த ஊரில் 1798 இறுதியில் ஒரு கம்பம் நடப்பட்டது. அதில் தொங்கிய பலகையில், அரசு நிந்தனைச் சட்டம் வேண்டாம், அன்னியர் மசோதா வேண்டாம், நிலவரி வேண்டாம், ஜனாதிபதிக்கு ஓய்வு, துணை ஜனாதிபதி வாழ்க என்ற பொருளில் வாசகங்கள் இருந்தன. இருவர் பிடிபட்டார்கள். ஊர்ப் பெரிய மனிதர்களில் ஒருவரான பெஞ்சமின் ஃபேர்பேங்க்ஸ் வருத்தம் தெரிவித்தார். ஃபெடரலிஸ்ட் பிரமுகர் ஃபிஷர் எய்ம்ஸே அவருக்காகப் பரிந்து பேசினார். ஆறு மணி நேரக் காவல், 5 டாலர் அபராதம். மற்றவர் டேவிட் பிரவுன், ஊர் ஊராகச் சுற்றிக் கூலிவேலை செய்துகொண்டு அரசியல் பேசித் திரிந்தவர். அவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஆனால் அவர் எழுதியவற்றைச் சந்தா கட்டிப் படித்தவர்களின் பெயர்களைச் சொல்லும்படி நீதிபதி சாமுவேல் சேஸ் கேட்டபோது மறுத்துவிட்டார். பதினெட்டு மாதச் சிறை, 480 டாலர் அபராதம். இந்தச் சட்டத்தின் கீழ் விதிக்கப்பட்ட தண்டனைகளில் இதுவே பெரிது. தண்டனைக் காலம் முடிந்த பிறகும் பணம் கட்ட வழியில்லாமல் உள்ளேயே கிடந்தார்.

சட்டத்தின் உள்ளீடு எப்படிப்பட்டது என்பதை முழுமையாகக் காட்டியது 1800 ஏப்ரலில் பிலடெல்பியாவில் நடந்த தாமஸ் கூப்பரின் வழக்கு என்பேன். கூப்பர் சட்டம் படித்தவர், வேதியியலறிஞர், இங்கிலாந்திலிருந்து வந்து குடியேறிய முதிய அறிஞர் ஜோசப் பிரீஸ்ட்லியின் நண்பர். ஆடம்ஸ் நிரந்தரப் படையையும் கடற்படையையும் வளர்த்தார், சமாதான காலத்தில் எட்டு சதவீத வட்டிக்குக் கடன் வாங்கினார், ஒரு மாலுமியை ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கும்படி நீதித்துறையில் தலையிட்டார் என்றெல்லாம் ஒரு துண்டறிக்கையில் எழுதியிருந்தார். எட்டு சதவீதக் கடன் ஊரறிந்த உண்மை. அது சமாதான காலமா, போர்க்காலமா? போர் அறிவிக்கப்படவில்லை, பீரங்கிகளோ வெடித்துக்கொண்டிருந்தன. ஜனாதிபதியையே சாட்சியாக அழைக்க வேண்டும் என்று கேட்டார், சேஸ் மறுத்தார். மூன்று கூற்றுகளைச் சொல்லி இரண்டை நிரூபித்தாலும் தோல்விதான், சொன்னது அனைத்தையும் முழுமையாக நிரூபித்தாக வேண்டும் என்று ஜூரிக்கு விளக்கினார் சேஸ். ஆறு மாதம், 400 டாலர்.

உண்மைக்கு விலக்கு உண்டு என்ற பாதுகாப்பு இங்கேதான் ஆட்டம் காண்கிறது. அரசியல் எழுத்தில் பாதி, கருத்து. கருத்துக்குச் சான்றிதழ் கிடைக்காது. நிரூபிக்கும் சுமையை எழுதியவர் தலையில் வைத்துவிட்டு, ஆவணங்களை அரசின் பெட்டிக்குள் வைத்துவிட்டு, ஜூரியைத் தேர்ந்தெடுக்கும் மார்ஷலை ஜனாதிபதியே நியமிக்கும்போது, அந்தப் பாதுகாப்பு சட்டப் புத்தகத்துக்கு அழகு சேர்ப்பதோடு நின்றுவிடுகிறது. இதை அன்றே சபையில் காலட்டின் எடுத்துச் சொன்னார். ஒரு கருத்து உண்மையானது என்று எப்படி நிரூபிப்பது என்ற அவருடைய கேள்விக்கு ஃபெடரலிஸ்ட்களிடமிருந்து உருப்படியான பதில் வரவில்லை.

டுவேனுக்கு வருவோம். பிலடெல்பியாவில் 'அரோரா' பத்திரிகையை நடத்தியவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளினின் பேரன் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் பாஷ். புதிய சட்டம் வரும்வரைகூடப் பொறுக்காமல், 1798 ஜூன் 26ஆம் தேதியே பழைய பொதுச்சட்டத்தின் கீழ் அவரைக் கைது செய்தார்கள். வழக்கு முடியவில்லை, செப்டம்பரில் மஞ்சள் காய்ச்சல் அவரைக் கொண்டுபோனது. வயது 29. பத்திரிகை டுவேனின் கைக்கு வந்தது. எழுத்து இன்னும் காரமானது. 1799 மே மாதம் தொண்டர் படை அதிகாரிகள் சிலர் அவரை அலுவலகத்திலிருந்து இழுத்துவந்து அடித்துப் போட்டார்கள்.

அரசுச் செயலாளர் டிமத்தி பிக்கரிங் 1799 ஜூலையில் ஆடம்ஸுக்கு ஒரு யோசனை எழுதினார்: டுவேன் குடிமகனே அல்லர், அன்னியர் சட்டப்படி வெளியேற்றலாம். நியூயார்க் மாநிலத்தில் ஷாம்ப்ளேன் ஏரிக்கருகே பிறந்தவன் என்று டுவேன் சொல்லிக்கொண்டார். சிறு வயதிலேயே அயர்லாந்துக்குப் போய்விட்டதால் சுதந்திரத்தின்போது அவர் இங்கில்லை, ஆகவே ஆங்கிலக் குடி என்பது பிக்கரிங்கின் வாதம். இந்த ஆளின் திமிருக்கு அன்னியர் சட்டம் தகும், அதன் வலிமையை அவர்மீது சோதித்துப் பார்க்கத் தயார் என்று ஆடம்ஸ் பதில் எழுதினார். அடுத்த மாதம் பிரீஸ்ட்லியை வெளியேற்றும் யோசனை வந்தபோது மட்டும், அந்த மனிதரின் செல்வாக்கு ஓர் அணுவளவும் இல்லை என்று கைவிரித்துவிட்டார். கிழவர் தப்பியது ஆடம்ஸின் அலட்சியத்தால்.

டுவேனை வெளியேற்றவில்லை, நிந்தனைச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட்டார்கள். ஆங்கிலேயச் செல்வாக்கு அரசுக்குள் புகுந்திருக்கிறது என்று எழுதியது குற்றம். டுவேனின் கையில் ஒரு கடிதம் இருந்தது. 1792இல் டெஞ்ச் காக்ஸ் என்ற அதிகாரிக்கு ஆடம்ஸே எழுதியது. ஒரு தூதர் நியமனத்தில் ஆங்கிலேயச் செல்வாக்கு இருக்குமோ என்ற ஐயம் அதில் ஆடம்ஸின் கையெழுத்திலேயே இருந்தது. உண்மையை நிரூபித்தால் விடுதலை என்ற விதி முதல் முறையாக அரசைக் கடிக்கப் பார்த்தது. வழக்கைத் தள்ளிப்போட்டார்கள். 1800இல் செனட் அவர்மீது அவமதிப்புக் குற்றம் சுமத்திப் பிடியாணை பிறப்பித்தபோது, கூட்டத்தொடர் முடியும்வரை தலைமறைவாக இருந்துகொண்டே பத்திரிகையை நடத்தினார்.

கென்டக்கி, வர்ஜீனியா சட்டமன்றங்கள் 1798 இறுதியில் இச்சட்டங்களை எதிர்த்துத் தீர்மானம் போட்டன. முன்னதை ஜெஃபர்சனும் பின்னதை ஜேம்ஸ் மேடிசனும் பெயர் வெளியிடாமல் எழுதினார்கள். 1800 தேர்தலில் ஆடம்ஸ் தோற்றார். ஜெஃபர்சனுக்கும் அவருடைய கட்சியின் துணை ஜனாதிபதி வேட்பாளர் ஆரன் பர்ருக்கும் சம வாக்கு விழுந்து சபைக்குப் போன விவகாரத்தில், 36ஆவது சுற்றில் வெர்மாண்டின் மற்ற உறுப்பினர் ஒதுங்கிக்கொள்ள, அந்த மாநிலத்தின் வாக்கை ஜெஃபர்சனுக்கு அளித்தவர் மேத்யூ லயன். புதிய ஜனாதிபதி தண்டிக்கப்பட்டவர்களை மன்னித்தார். பிரவுன் வெளியே வந்தார். டுவேன்மீதான நிந்தனை வழக்கு கைவிடப்பட்டது. 1802இல் குடியுரிமைக்கான வசிப்புக் காலம் மீண்டும் 5 ஆண்டானது. லயனின் அபராதத்தை அவருடைய வாரிசுகளுக்குக் காங்கிரஸ் வட்டியோடு திருப்பித் தந்தது 1840இல்; அவர் இறந்து பதினெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

இத்தோடு நிறுத்தினால் கதை ஜெஃபர்சனுக்குச் சாதகமாக முடிந்துவிடும். 1803 பிப்ரவரியில் பென்சில்வேனியா கவர்னர் தாமஸ் மக்கீனுக்கு அவர் எழுதிய அந்தரங்கக் கடிதத்தில், எல்லோர்மீதும் அல்லாமல், முக்கியமான சிலர்மீது மட்டும் வழக்குத் தொடுத்தால் பத்திரிகைகள் ஒழுங்குக்கு வரும் என்கிறார். மைய அரசின் சட்டத்தைத்தான் அவர் எதிர்த்தார். மாநிலங்களின் பழைய அவதூறுச் சட்டம் அவருக்கு உறுத்தவில்லை. அதே ஆண்டு நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் ஊரில் 'வாஸ்ப்' என்ற சிறு ஃபெடரலிஸ்ட் பத்திரிகையின் ஆசிரியர் ஹாரி கிராஸ்வெல் பிடிபட்டார். வாஷிங்டனைத் துரோகியென்று திட்டி எழுத ஜெஃபர்சன் காலெண்டருக்குப் பணம் கொடுத்தார் என்று அச்சிட்டது குற்றம். பணம் கொடுத்தது உண்மை. அது அவதூறுக்கான கூலியா, ஏழை எழுத்தாளனுக்குச் செய்த உதவியா என்பதில்தான் தகராறு. உண்மையை நிரூபிக்க அனுமதி கேட்டார் கிராஸ்வெல். ஆங்கிலேயப் பொதுச்சட்டப்படி உண்மை பொருட்டல்ல என்று, குடியரசுவாதியான தலைமை நீதிபதி மார்கன் லூயிஸ் மறுத்தார்.

மேல்முறையீட்டில் 1804 பிப்ரவரியில் கிராஸ்வெல்லுக்காக வாதாடியவர் ஹாமில்டன். 1799இல் தம்மைப் பற்றிய அவதூறுக்காக நியூயார்க் அச்சகத் தொழிலாளி ஒருவரை இதே மாநிலச் சட்டத்தின் கீழ் நான்கு மாதம் சிறைக்கு அனுப்பக் காரணமாக இருந்த அதே ஹாமில்டன், இப்போது, நல்ல நோக்கத்தோடு சொல்லப்பட்ட உண்மை தண்டிக்கப்படக் கூடாது என்று மணிக்கணக்கில் பேசினார். நீதிபதிகள் இரண்டுக்கு இரண்டாகப் பிரிந்தார்கள். ஹாமில்டன் ஜூலையில் நேருக்கு நேர் துப்பாக்கிச் சண்டையில் பர்ரின் குண்டுக்கு இரையானார். அடுத்த ஆண்டு நியூயார்க் சட்டமன்றம் அவர் கேட்டதையே சட்டமாக்கியது: உண்மையை, நல்ல நோக்கத்தோடும் நியாயமான பயனுக்காகவும் வெளியிட்டால் அது குற்றமாகாது. நோக்கம் நல்லதா என்பதைத் தீர்மானிக்கும் வேலை ஜூரியிடம் விடப்பட்டது.